பத்திரிகைத் தந்தை ஜி. சுப்பிரமணிய ஐயர்

ஆள்வோரைக் கேள்வி கேட்கத் துணிவு வேண்டும். தம் சமூகத்தையே கேள்வி கேட்க அதனினும் பெருந்துணிவு வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855-இல் திருவையாற்றில் பிறந்த அவர், சென்னையில் ஆசிரியப் பணி புரிந்தார். 1878-இல் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானபோது ஆங்கிலேயர் பத்திரிகைகள் அந்நியமனத்தை இகழ்ந்தன. அதற்கு விடையிறுக்க, ஐயரும் நண்பர் ஐவரும் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் பெற்று, 'ஹிந்து' வார இதழை 80 பிரதிகளுடன் தொடங்கினர். ஆங்கிலம் அறியாதாரும் நாட்டு நடப்பை உணர, 1882-இல் 'சுதேசமித்திரன்' தோன்றியது.

1885-இல் நாம் வாழும் இம்மும்பை மாநகரில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையில், இந்திய நிர்வாகத்தின் குறைகளை ஆராய விசாரணைக் குழு அமைக்கக் கோரும் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. 1889-இல் இந்நகரிலேயே, இளம் விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். வைதிகர் வெகுண்டனர், அவர் பின்வாங்கவில்லை.

1898-இல் 'ஹிந்து'வை விட்டு நீங்கி, மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். 1904-இல் பாரதியாரை அதன் உதவியாசிரியராக்கினார். 1908-இல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். 1916-இல் மறைந்தார்.

நாள்தோறும் செய்தித்தாளை விரிக்கும் நாம், அரசைக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு எளிதில் கிட்டியதன்று என்பதை நம் மக்களுக்கு எடுத்துரைப்போமாக!