அறிஞர் சித்திலெப்பை: நீதிமன்றத்திலிருந்து வரலாற்றுக்கு

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் செல்வோர் மஹய்யாவையைக் கடக்காமல் போக முடியாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி வாழும் அந்தப் பகுதியில் நகரின் பழைய மையவாடி அமைந்திருக்கிறது. பஸ் வண்டியின் யன்னலோரத்தில் அமர்ந்து அவ்விடத்தைக் கடக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டிருப்பவர் யார் என்பது தெரியும்? ஈழத்துத் தமிழ் நாவலின் முன்னோடி, முஸ்லிம்களின் ஆரம்பகாலப் பத்திரிகையாசிரியர், கல்வி இயக்கத்தின் தந்தை, சட்டத்தரணி என்று பாடநூல்கள் வரிசைப்படுத்தும் மர்ஹூம் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் அங்குதான் மண்ணறை கொண்டுள்ளார். 1898 பெப்ரவரி 5ஆம் திகதி அவர் காலமானார்.

ஆண்டுதோறும் அவரது பெயரால் விழாக்கள் நடைபெறுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. 1977இல் அவரது உருவம் தாங்கிய முத்திரை வெளியிடப்பட்டது. கண்டியில் அவரது பெயரைத் தாங்கிய பாடசாலை இயங்குகிறது. பள்ளிக்கூடங்களை நிறுவியவர் என்ற வகையில் அவரைக் கொண்டாடுவதில் நாம் குறை வைத்ததில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைத் தானே ஆராய்ந்தறிவதற்கு வேண்டிய மூலப்பொருளை உருவாக்கிக் கொடுத்தவர் என்ற வகையில் அவரை நாம் போதிய அளவு அறிந்திருக்கிறோமா என்பது ஐயத்துக்குரியது. இக்கட்டுரையின் அக்கறை அதுதான்.

சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி இருபத்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. அவரது தந்தையார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தொழிலில் புகுந்தவர்களுள் ஒருவர். ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு ஊறு விளைவிக்கும் என்று பெரும்பாலோர் அஞ்சிய நாளில் அவ்வீட்டில் ஆங்கிலமும் இருந்தது, அரபும் இருந்தது, தமிழும் இருந்தது. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழ முடியும் என்பதை அவர் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்தே வளர்ந்தார். அவரது பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் வித்து இதுவே எனலாம்.

1862இல் மாவட்ட நீதிமன்றத்தில் புரொக்டராகவும், 1864இல் உயர் நீதிமன்றப் புரொக்டராகவும் அவர் அனுமதி பெற்றார். கண்டி மாநகர சபையில் அங்கம் வகித்தார், நீதவானாகவும் பணியாற்றினார். வருவாய்க்கும் மதிப்புக்கும் குறைவில்லாத வாழ்வு. ஆயினும் நீதிமன்றம் அவருக்கு வருவாயை மட்டும் கொடுக்கவில்லை. தம் சமூகத்தின் நிலையையும் அது நாள்தோறும் அவர் கண்முன்னே விரித்துக் காட்டியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். இலங்கை முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றுக்கான சட்டக்கோவை 1806இல் தொகுக்கப்பட்டது. அது முதலில் கொழும்பு மாகாணத்துக்கே உரியதாயிருந்தது. கண்டிப் பிரதேச முஸ்லிம்களுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது 1852இல்தான். அப்போது சித்திலெப்பைக்கு வயது பதினான்கு. ஆகவே அவர் தொழில் தொடங்கிய வேளையில் கண்டி முஸ்லிம்கள் எழுதப்பட்ட தனியார் சட்டமொன்றின் கீழ் வாழத் தொடங்கிப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் இருந்த மொழி ஆங்கிலம். அதன் மூலக் கருத்துகள் இருந்த மொழி அரபு. வழக்காடிய மக்களின் மொழியோ தமிழ். ஒரு விதவையின் பங்கு, ஓர் அநாதையின் காணி, மஹர் பற்றிய பிணக்கு என எது வந்தாலும், பாதிக்கப்பட்டவர் தம் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தாமே படித்தறிய முடியாத நிலை. எழுத்தறிவின்மை என்பது வெறும் கல்விக் குறைபாடன்று, சொத்திழப்பும் உரிமையிழப்பும் கூட என்பதை ஒரு புரொக்டரை விட நன்கு உணர்ந்திருக்கக் கூடியவர் யார்?

1882 டிசம்பர் 21ஆம் திகதி அவர் முஸ்லிம் நேசன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நாவலர் பெருமான் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலை இயக்கத்துக்கு உயிரூட்டத் தொடங்கி இரண்டாண்டுகள். கிறிஸ்தவ மிஷனரிமாரின் பள்ளிகளோ நெடுங்காலமாக வேரூன்றியிருந்தன. சைவரும் பௌத்தரும் விழித்துக்கொண்ட அந்த வேளையில் முஸ்லிம்கள் மட்டும் உறங்கிக் கிடந்தனர் என்று கூறுவது வழக்கம். அது முற்றிலும் சரியன்று என்பது எமது கருத்து. அவர்களிடம் பள்ளிவாசல்கள் இருந்தன, மத்ரஸாக்கள் இருந்தன, அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்தன, பரந்த வணிகத் தொடர்புகளும் இருந்தன. இல்லாதிருந்தது பொது விவாதத்துக்கான ஒரு களமே. அதைத்தான் முஸ்லிம் நேசன் கொடுத்தது.

பத்திரிகை தொடங்கி மூன்று வாரங்கள் கழிவதற்குள் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற ஒராபி பாஷாவும் அவரது தோழர்களும் 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினர். கூட்டம் திரண்டது. சித்திலெப்பைக்கோ அது வேடிக்கையன்று. நவீன கல்வியையும் அரசியலையும் அறிந்த ஒரு முஸ்லிம் தலைவர் தம் வாசலுக்கே வந்திருக்கிறார் என்று அவர் கண்டார். இருவருக்குமிடையே ஏற்பட்ட நட்பு கல்விப் பணியில் கனிந்தது. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது, அது நீடிக்கவில்லை. தோல்வியை ஏற்றுக்கொண்டு திரும்பவும் முயன்றார்கள். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலை அண்டி மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமாயிற்று. கொடைவள்ளல் வாப்பிச்சி மரைக்காரின் பெயரையும் இங்கே சேர்த்துக் கூறாவிட்டால் நன்றி மறந்தவர்களாவோம். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி என்று உயர்ந்த நிறுவனம் அதுவே.

கொழும்பைப் பற்றிப் பேசும்போது மலையகத்தை மறந்துவிடுகிறோம். கண்டியிலும், கம்பளை, குருநாகல், பொல்கஹவெல முதலிய இடங்களிலும் அவர் பாடசாலைகளைத் தோற்றுவித்தார். கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவி, அதை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரியாரிடமே ஒப்படைத்தார். ஊரார் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியபோது தம் வீட்டுப் பெண்ணையே முன்நிறுத்திய அந்தச் செயல், ஆயிரம் தலையங்கங்களுக்கு ஈடானது. (தலையங்கம் எழுதிப் பிழைக்கும் நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

1885இல் வெளிவந்த அஸன்பேயுடைய சரித்திரம் பற்றித் தமிழிலக்கிய மாணவர்கள் அறிவர். மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் ஈழத்தில் எழுதப்பட்ட நாவல் அது. எகிப்தியப் பிரபு குடும்பத்துப் பிள்ளையொன்று குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு இந்தியாவில் வளர்ந்து தன் குலத்தை மீண்டும் கண்டடையும் கதை. இலங்கை மண் அதில் இடம்பெறவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. குறை நியாயமானதே. ஆனால் கெய்ரோவையும் பம்பாயையும் கல்கத்தாவையும் ஒரே தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்த பார்வை, அன்று வேறு எந்தத் தமிழ் எழுத்தாளருக்கு வாய்த்தது? தான் யாருடைய பிள்ளை என்று தெரியாமல் வளரும் ஓர் இளைஞனின் கதையை, தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்காத ஒரு சமூகத்துக்கு அவர் சொன்னார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த எண்ணம் வெறும் கற்பனையன்று. நாவல் வெளிவந்த அதே 1885இல், முஸ்லிம் விவாகப் பதிவு தொடர்பான சட்டமூலம் பற்றிய சட்டசபை விவாதத்தின்போது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்ற கருத்தைப் பொன்னம்பலம் இராமநாதன் முன்வைத்தார். 1888இல் அதனை விரித்து றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஆய்வுரையாக வாசித்தார். அது சங்கத்தின் சஞ்சிகையிலும் அச்சேறியது. மொழியையும் வழக்காறுகளையும் சான்றாகக் காட்டிய, கற்றோர் எழுதும் முறையில் அமைந்த கட்டுரை அது. அரசியல் நோக்கம் இருந்ததா இல்லையா என்ற பழைய வாதத்துக்குள் நாம் மீண்டும் புக விரும்பவில்லை. அதனால் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே விளைந்த மனத்தாங்கல் போதும். கவனிக்க வேண்டியது வேறொன்று. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு நூலாக வெளிவந்தது 1907இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! ஆய்வுக்கு ஆய்வால் மறுமொழி கூற ஒரு தலைமுறை பழகவேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கான பள்ளிக்கூடமாக அமைந்தவை முஸ்லிம் நேசன் போன்ற பத்திரிகைகளே. அச்சில் வாதிடுவது, ஆதாரம் காட்டுவது, எதிர்க் கருத்துக்கு இடமளித்துப் பின் மறுப்பது எல்லாம் அங்கு பழகியவை.

இராமநாதனின் கருத்தை ஏற்காதவர்களும் தமிழ் மொழியைக் கைவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சித்திலெப்பை தம் சமூகத்தை அரபு கற்கச் சொன்னார், ஆங்கிலம் கற்கச் சொன்னார். ஆனால் சொன்னது தமிழில். இன அடையாளம் வேறு, மொழி வேறு என்ற அந்தத் தெளிவு அவரிடம் குழப்பமின்றி இருந்தது.

அவரது கடைசி ஆண்டுகள் இனிமையானவை அல்ல. தத்துவ ஞானத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு 1892இல் ஞானதீபம் என்ற சஞ்சிகையாகவும், 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்ற நூலாகவும் வெளிப்பட்டது. படைப்பின் இரகசியங்களை ஸூபி மரபின் வழிநின்று ஆராய்ந்த அந்நூல் ஆலிம்கள் சிலரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பள்ளிக்கூடம் வைத்தபோது ஆங்கிலத்தைப் புகுத்துகிறார் என்றவர்கள், நூல் எழுதியபோது மார்க்கத்தை மீறுகிறார் என்றார்கள். சட்டத்தொழிலில் ஈட்டியதைப் பத்திரிகைக்கும் பாடசாலைகளுக்கும் செலவிட்ட மனிதருக்குக் கிடைத்த கைமாறு இது. அந்நூலின் கருத்துகள் சரியா, தவறா என்பதை மார்க்க அறிஞர்கள் கூறட்டும். ஒரு புரொக்டர் தம் அறுபதாவது வயதை நெருங்கும் வேளையில், எதிர்ப்பு வரும் என்று தெரிந்தும், தாம் சிந்தித்ததை அச்சில் வைத்தார் என்பதே எமக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் மறைந்து ஏழு வாரங்களில், 1898 மார்ச் 27ஆம் திகதி, அலிகாரில் சேர் செய்யது அஹ்மத் கானும் கண்மூடினார்.

செய்யது அஹ்மத் கானுக்கு ஒரு பல்கலைக்கழகமே நினைவாலயமாயிற்று. சித்திலெப்பையின் நினைவு நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. அதை மீட்டவர்கள் ஆய்வாளர்களே. ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் தம் பேச்சிலும் எழுத்திலும் அவரை மீண்டும் மீண்டும் முன்னிறுத்தினார். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய பணியை எம்.எம். உவைஸ் அவர்கள் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக்கினார். நூலகரான எஸ்.எம். கமால்தீன் அவர்கள் பழைய பிரதிகளைத் தேடிச் சென்று சித்திலெப்பையின் எழுத்துகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முஸ்லிம் மறுமலர்ச்சியைப் பற்றி எழுத முற்படும் எந்த வரலாற்றாசிரியரும், தமிழரோ சிங்களவரோ அந்நியரோ, முஸ்லிம் நேசன் இதழ்களைத் தேடாமல் நகர முடியாது. சட்ட வரலாறு எழுதுபவருக்கும், சமூகவியல் மாணவருக்கும், தமிழிலக்கிய ஆய்வாளருக்கும் அதில் வேலை இருக்கிறது.

அந்த இதழ்களின் நிலைதான் எமது கவலை. தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளவை போக, எஞ்சியவை பழைய வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்து ஊரொன்றில் நண்பர் ஒருவரின் மூதாதையர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பாட்டனார் சேகரித்த அரபுத்தமிழ்க் கிதாபுகளும் பத்திரிகைக் கட்டுகளும் எங்கே என்று விசாரித்தபோது, வீடு திருத்தும்போது மழையில் நனைந்தவற்றைப் புதைத்துவிட்டதாகவும் மற்றவற்றைப் பழைய கடதாசி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். குற்றவுணர்வு எதுவுமின்றிச் சொன்னார்கள். எமக்குத்தான் தேநீர் இறங்கவில்லை. அவற்றுள் என்ன இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியப் போவதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகம் மஹய்யாவையிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கு தமிழும் வரலாறும் சட்டமும் சமூகவியலும் பயிலும் முஸ்லிம் மாணவியரின் தொகை, சித்திலெப்பை தம் சகோதரியை ஆசிரியையாக அமர்த்திய காலத்தில் எவரும் கனவிலும் கண்டிருக்க முடியாதது. அவர்களில் ஒருவரேனும் முஸ்லிம் நேசன் இதழ்களுக்கு முழுமையான ஒரு பொருளடைவைத் தயாரிக்கும் பணியைத் தம் ஆய்வாக ஏற்பாராயின், செலவை ஏற்கக் கண்டியில் வர்த்தகர்கள் இல்லாமற் போகமாட்டார்கள். வீடுகளில் பழைய பிரதிகள் வைத்திருப்போர், அவை எவ்வளவு சிதைந்திருந்தாலும், வியாபாரியை அழைப்பதற்கு முன்னர் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு வார்த்தை தெரிவிப்பார்களாக.