மாருதம் கட்டிய ஜெர்மானியர்

திருச்சியிலிருந்து தஞ்சை போகும் சாலையில் இருக்கிறது துவாக்குடி. அங்கே 1964-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் ஊர் ஊராக வந்து பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு.

அவர் பெயர் குர்ட் டாங்க்.

தானே ஓட்டுவார்!

டாங்க் 1898-ல் பிறந்தார். முதல் உலகப் போரில் குதிரைப் படை வீரர். பிறகு பெர்லினில் பொறியியல் படித்தார். விமானங்களை வடிவமைத்ததோடு, அவற்றைத் தாமே ஓட்டியும் பார்ப்பார்!

ஹிட்லர் ஆட்சியில் அவர் உருவாக்கிய போர் விமானம் 20 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஜெர்மனி தோற்றது. டாங்க் அர்ஜென்டினா போனார். 1955-ல் அங்கே ஆட்சி கவிழ்ந்தது.

பெங்களூரில்

1956-ல் இந்தியா அவரை அழைத்தது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் நம் பொறியாளர்களுடன் வேலை தொடங்கினார். முதலில் எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள்.

1961 ஜூன் 17. விமானி சுரஞ்சன் தாஸ் ஏறி அமர்ந்தார். இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம் வானில் எழுந்தது! அதன் பெயர் மாருத். காற்று என்று பொருள்.

அது 4 பீரங்கிகளால் சுடும். ராக்கெட்டும் விடும். குண்டும் போடும்.

ஒரே குறை

ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் வேண்டும் என்பது திட்டம். அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. பிரிட்டன் எஞ்சின் கைவிடப்பட்டது. எகிப்து எஞ்சினும் கைகூடவில்லை. பார வண்டியில் கன்றுக்குட்டியைப் பூட்டியது போல், சிறிய எஞ்சின்கள் இரண்டை வைத்தே ஓட்டினார்கள்.

வேகத்தைக் கூட்டும் முயற்சியில் 1970 ஜனவரியில் விபத்து நேர்ந்தது. சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பாலைவன முனையில் மாருத் திறமையாகத் தாக்கியது. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1990 வாக்கில் அவை ஓய்வு பெற்றன.

டாங்க் 1967-ல் இந்தியாவை விட்டுப் போனார். 1983-ல் மியூனிக் நகரில் காலமானார்.

2001-ல் நமது தேஜஸ் பறந்தது. அதற்கும் எஞ்சின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. உடல் நம்முடையது, மூச்சு அயலாருடையது!

அந்த மூச்சையும் நமதாக்கப் போகிறவர் யார்? இன்று துவாக்குடியில் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.