இடங்களை விட்டார், பள்ளிகளை விடவில்லை: அருள்தந்தை ஜெரோம் டிசூசா சே.ச.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் விடிந்ததும் இரண்டு வகை வண்டிகள் சாலையில் ஓடும். ஒன்று பட்டாசு ஆலைகளுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்வது. மற்றொன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது. அம்மாவும் அப்பாவும் முதல் வண்டியில் ஏறுகிறார்கள். தங்கள் பிள்ளை என்றைக்கும் அந்த வண்டியில் ஏறக் கூடாது என்பதற்காகவே ஏறுகிறார்கள். சூன் மாதம் நெருங்கினால் அந்த வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அரசுப் பள்ளியிலா, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியிலா, கடன் வாங்கியாவது ஆங்கிலப் பள்ளியிலா?

கிறிஸ்துவில் அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பெற்றோருக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், பிள்ளைகள் எல்லாரும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 1922-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளி நடத்திவந்த அருள்சகோதரிகள் நீதிமன்றம் சென்றார்கள். 1925-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. நம் நாட்டிலோ, இத்தகைய வழக்குகள் எழுவதற்கு முன்பே, அரசியல் சட்டம் எழுதப்பட்ட நாள்களிலேயே இந்த உரிமைகள் பேசப்பட்டன. அந்தச் சட்டத்தை எழுதிய அவையில் நம் தமிழகத் திருச்சபையின் குரு ஒருவர் அமர்ந்திருந்தார். அவர்தான் அருள்தந்தை ஜெரோம் டிசூசா.

அவர் 1897-இல் மங்களூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மங்களூரில் தொடங்கிய படிப்பைத் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் சென்னையிலும் தொடர்ந்தார். 1921-இல் இயேசு சபையில் சேர்ந்தார். இறையியலைப் பெல்ஜியம் நாட்டில் பயின்று, 1931-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறகு தமிழகம் திரும்பி, தாம் படித்த திருச்சிக் கல்லூரியிலேயே கற்பித்தார். 1942-இல் சென்னை இலயோலா கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். ஆங்கில இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையும் நல்ல பேச்சாற்றலும் உடையவர். வகுப்பறையில் வளர்ந்த அந்தப் பேச்சாற்றலை நாட்டுக்காகப் பயன்படுத்தும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது.

1946-ஆம் ஆண்டு இறுதியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுள் தந்தை ஜெரோமும் ஒருவர். அதே மாகாணத்தின் உறுப்பினராக நம் விருதுநகரின் காமராசரும் அந்த அவையில் இருந்தார். ஒருவர் வெளிநாடுகளில் படித்துத் திரும்பிய குரு. மற்றவர் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்தவர். ஒருவர் கல்லூரியை நடத்தினார். மற்றவர் பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார்.

1947 மே முதல் நாள் அவையில் நடந்த விவாதம் நம் கருத்துக்கு மிக நெருக்கமானது. வற்புறுத்தலால் நிகழும் மதமாற்றம் செல்லாது என்ற விதி பேசப்பட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் மதமாற்றமும் செல்லாது என்று அதில் சேர்க்க கே. எம். முன்ஷி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பார்வைக்கு இது பிள்ளைகளைக் காக்கும் விதியாகவே தோன்றும். ஆனால் தாயும் தந்தையும் ஒரு சமயத்தைத் தழுவும்போது அவர்களுடைய கைக்குழந்தை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது? அந்தக் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியது பெற்றோரா, அரசா? பிராங்க் அந்தோணி இந்தச் சிக்கலை எழுப்பினார். தந்தை ஜெரோம் குடும்பத்தின் உரிமையை முன்வைத்துப் பேசினார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைச் சட்டத்தால் பிரிக்க நேரும் ஆபத்தை டாக்டர் அம்பேத்கரும் விளக்கினார். கடைசியில் அந்த விதி ஆலோசனைக் குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நிறைவடைந்த அரசியல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

1948 டிசம்பர் 7, 8 ஆகிய நாள்களில் கல்வி பற்றிய பிரிவுகள் விவாதிக்கப்பட்டன. இன்றைய 28-ஆம் பிரிவின்படி, அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் சிறுவரை, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு இல்லாமல் சமயக் கல்வியில் பங்கேற்கச் செய்ய முடியாது. நம் பள்ளிகளில் படிக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது பாதுகாப்பு. 30-ஆம் பிரிவின்படி, சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நிர்வகிக்கலாம். அந்தக் காரணத்துக்காக அரசு உதவி வழங்குவதில் பாகுபாடு காட்டக் கூடாது. அதே வாரத்தில், டிசம்பர் 10 அன்று, பாரிசில் கூடிய ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி தருவது என்று தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை பெற்றோருக்கே என்று அதன் 26-ஆம் பிரிவு அறிவித்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் தந்தை ஜெரோமின் உள்ளத்தை நமக்குக் காட்டுகிறது. கிறிஸ்தவர்களுக்குச் சட்டமன்றங்களில் இடங்களை ஒதுக்கலாம் என்று 1947-இல் முடிவாகியிருந்தது. சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவர்களுக்கு அதனால் உறுதியான ஆதாயம் கிடைத்திருக்கும். ஆனால் 1949 மே மாதம், சமயச் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற தீர்மானம் அவைக்கு வந்தபோது, தந்தை ஜெரோம் அதை ஆதரித்துப் பேசினார். நம் மக்கள் தனியே ஒதுங்கி நில்லாமல், மற்ற மக்களின் நல்லெண்ணத்தை நம்பி வாழ வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இது சிலருக்கு வருத்தம் தந்திருக்கலாம். கையில் வந்த இடங்களை எதற்காக விட வேண்டும் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு.

இடங்களை விட்டார், பள்ளிகளை விடவில்லை. காரணம் எளிது. சட்டமன்ற இடம் நமக்கு மட்டும் பயன்படுவது. பள்ளியோ ஊருக்கே பயன்படுவது. அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். தமக்கென்று மட்டும் கேட்காதவருடைய குரலை மற்றவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கைதான் நம் பள்ளிகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

பிறகு அவர் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1951-இல் பூனாவில், பின்னாளில் இந்தியச் சமூக நிறுவனம் என்று பெயர் பெற்ற அமைப்பைத் தொடங்கினார். உழைப்பவர் நிலையையும் சமூக நீதியையும் திருச்சபை முறையாகப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1957 முதல் உரோமையில் இயேசு சபைத் தலைவருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். அந்த ஆண்டுகளில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளிவந்த கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்றது. பெற்றோர் தங்கள் மனச்சான்றின்படி பள்ளியைத் தேர்ந்தெடுக்க உதவும் வகையில் அரசு தன் நிதியைப் பகிர வேண்டும் என்றும் கேட்டது. 1977-இல் தந்தை ஜெரோம் தமது எண்பதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காலத்திலேயே 30-ஆம் பிரிவுக்குச் சோதனை வந்தது. 1957-இல் கேரள அரசு கொண்டுவந்த கல்வி மசோதா தனியார் பள்ளிகளின் நிர்வாகத்தில் பெரிதும் தலையிட்டது. கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, உச்ச நீதிமன்றம் 1958 மே மாதம் பதில் தந்தது. உதவிப் பணத்தைக் காட்டிச் சிறுபான்மையினரின் உரிமையைப் பறிக்க முடியாது. அதே வேளையில், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது. இந்தப் பதிலின் இரண்டாம் பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. ஆகவே இது முடிந்துபோன பழைய கதை அல்ல.

நாரணாபுரத்துக்குத் திரும்புவோம். உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்காக ஓர் ஏழைத் தொழிலாளியின் பிள்ளை எதையும் இழக்கக் கூடாது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்றே வகுத்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகவே தொடங்கியது. பின்னர் 2024-இல் அது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அதே ஆண்டு, காமராசர் பிறந்த நாளான சூலை 15 அன்று, காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பணிவோடும் உறுதியோடும் கேட்டால் பலன் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று. சலுகையாகக் கெஞ்சாமல், பெற்றோரின் உரிமையாகக் கேட்க வேண்டும்.

ஆனால் அரசிடம் கேட்பதை நாம் நம்மிடமும் கேட்க வேண்டும். சட்டம் நம் பள்ளிகளுக்கு விலக்குத் தரலாம். மனச்சான்று விலக்குத் தருமா? கட்டணம் கட்ட இயலாத கூலித் தொழிலாளி ஒருவர் நம் பள்ளி அலுவலகத்து வாசலிலிருந்து திரும்பிப் போனால், 30-ஆம் பிரிவு யாருக்காக எழுதப்பட்டது? பெற்றோருக்கு உரிமை உண்டு என்று மேடையில் பேசிவிட்டு, பணம் உள்ள பெற்றோருக்கு மட்டுமே கதவைத் திறந்தால் தந்தை ஜெரோமின் உழைப்பு வீணாகும்.

பெற்றோரிடமும் ஒரு சொல். பெற்றோரின் உரிமை பிள்ளையின் நலனுக்காக இறைவன் ஒப்படைத்த பொறுப்பு. சிவகாசி வட்டாரத்தில் ஒரு காலத்தில் விடியுமுன்பே சிறுவர்களையும் வண்டியில் ஏற்றித் தீப்பெட்டி ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். வறுமையும் கடனும் பெற்றோரின் கையைக் கட்டியிருந்தன. 1986-இல் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. எத்தனையோ நல்லவர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். பிள்ளைகள் பள்ளி வண்டிக்கு மாறினார்கள். பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அந்த நாள்களை நினைத்துக்கொள்வோம்.

சிந்தனைக்கு:
நம் பங்கில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யாரேனும் உண்டா? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?
நம் பள்ளியின் கதவு ஊரிலேயே மிக ஏழையான வீட்டுக்கும் திறந்திருக்கிறதா?
நமக்காக மட்டுமன்றி, மற்றச் சமயத்துப் பெற்றோரின் உரிமைக்காகவும் நாம் பேசுகிறோமா?

நாசரேத்தில் மரியா, சூசையின் கண்காணிப்பில் வளர்ந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளையும் பள்ளிகளையும் ஆசீர்வதியும். எங்கள் பிள்ளைகள் வெடிமருந்து வாசம் படாமல், புத்தக வாசத்தில் வளர அருள்தாரும். ஆமென்.