இரண்டே விரலில் தொங்கிய வீரர்!

நாமக்கல் மலையை அறியாதவர் சேலம் வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். ஒரே பாறைதான் அந்த மலை. உச்சியில் கோட்டை. மேலே போகப் பாறையிலேயே படி வெட்டி இருக்கிறார்கள்.

படியே இல்லாத செங்குத்தான பாறையில், சின்னஞ்சிறு குழிகளில் விரலை நுழைத்து ஏறுவது ஒரு விளையாட்டு. இடுப்பில் கயிறு உண்டு. அது, விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே. அதைப் பிடித்து ஏறக் கூடாது!

இந்த விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர், வுல்ப்காங் குல்லிச். ஜெர்மனி நாட்டுக்காரர். ஒரு மரப்பலகையைக் கொண்டு விரல் பலத்தைப் பெருக்கியவர்.

சிறு வயதில்

குல்லிச், 1960-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி லுட்விக்ஸ்ஹாபன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பாறை ஏறத் தொடங்கினார். பிறகு, நியூரம்பர்க் நகருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த பகுதியில் குடியேறினார். கர்ட் ஆல்பர்ட் என்ற புகழ்பெற்ற வீரர் அவருக்கு உற்ற நண்பர். இருவரும் ஒரே வீட்டில் வசித்தனர்.

1985-ம் ஆண்டு ஆஸ்திரேலியா சென்று, அதுவரை யாரும் ஏறாத அளவு கடினமான பாறையில் குல்லிச் ஏறினார். 1989-ம் ஆண்டு ஆல்பர்ட்டுடன் சேர்ந்து, பாகிஸ்தானில் 6 ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறைக் கோபுரத்தில் புதிய வழி கண்டார்.

மரப்பலகை

ஆனாலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. கைக்கு எட்டாத குழியைத் தாவித்தான் பிடிக்க வேண்டும். தாவும்போது, தொட்ட நொடியிலேயே விரல் இறுகிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே விழ வேண்டியதுதான். அதற்குத் தோள் பலம் மட்டும் போதாது.

1988-ம் ஆண்டு, நியூரம்பர்க்கில் 'கேம்பஸ்' என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பலகையை மாட்டினார். முன்பக்கம் சாய்ந்த பலகை. அதில் ஏணிப்படி போல வரிசையாக மரச்சட்டங்கள்.

கால் அந்தரத்தில் தொங்கும். விரல் நுனியால் சட்டத்தைப் பிடித்து, ஒரு கை மாற்றி ஒரு கையாக மேலே போக வேண்டும். அப்படியே கீழே இறங்க வேண்டும். மேல் சட்டத்தை விட்டுக் கீழ்ச் சட்டத்துக்கு விழுந்து, பிடித்த வேகத்திலேயே மறுபடி மேலே எழும்ப வேண்டும்!

நம் ஊர் பயில்வான்கள் தண்டாலும் பஸ்கியும் எடுப்பது போல, இதையே அவர் திரும்பத் திரும்பச் செய்தார். விரல் நரம்பும் தசையும் முறுக்கேறின.

11 நாள் போராட்டம்

அவர் குறி வைத்த பாறையின் உயரம் சுமார் 50 அடிதான். ஆனால், அது குடை போல முன்னால் கவிழ்ந்து நிற்கிறது. தொடக்கத்திலேயே ஒரு பாய்ச்சல். பாய்ந்து பிடிக்கும் குழியில் இரண்டு விரல்தான் நுழையும்!

11 நாட்கள் முயன்றார். பலமுறை விழுந்தார். 1991-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி உச்சியைத் தொட்டார். உலகிலேயே கடினமான பாறை வழி அன்று அதுதான். 'ஆக்சியோன் டிரெக்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

சாலையில் வந்த எமன்

சினிமாவும் அவரைத் தேடி வந்தது. 'கிளிப்ஹேங்கர்' என்ற ஆங்கிலப் படத்தில், நடிகர் சில்வஸ்டர் ஸ்டாலோனுக்குப் பதிலாகப் பாறையில் ஏறி நடித்தார்.

அந்தப் படம் 1993-ம் ஆண்டுதான் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1992-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. 31-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 31. எத்தனையோ பாறைகளில் தப்பிய உயிர், சாலையில் போயிற்று!

அவர் ஏறிய வழியில் இரண்டாவது ஆள் ஏற 4 ஆண்டுகள் ஆயின. முதல் பெண் ஏறியது 2020-ம் ஆண்டில். பிரான்சு நாட்டு மெலிசா லெ நெவே என்பவர்.

அந்தப் பலகை இன்று பல நாடுகளில் பயிற்சிக் கூடங்களில் தொங்குகிறது. 'கேம்பஸ் பலகை' என்றே அதற்குப் பெயர். ஆனால், வளரும் பிள்ளைகள் அதில் தொங்கக் கூடாது. பிஞ்சு விரல் எலும்பு பழுதாகும் என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். பெரியவர்களும் பல ஆண்டுகள் பாறை ஏறிப் பழகிய பிறகே அதைத் தொடுகிறார்கள். இடையிடையே விரலுக்கு ஓய்வும் தருகிறார்கள்.

குல்லிச்சின் பலம் ஒரே நாளில் வந்தது அல்ல. சிறு வயதில் தொடங்கிய பழக்கம், 30-வது வயதில் உச்சியைத் தொட்டது.