ஆகஸ்ட் பியர்

நோவின்றிக் கையையோ காலையோ அறுத்துச் சீர்செய்தல் இந்நாளில் எளிய செயலாகத் தோன்றுகின்றது. அவ்வெளிமைக்கு விலை கொடுத்தோர் சிலர். அவருள் ஒருவர் ஜெர்மானிய இரண வைத்தியராகிய ஆகஸ்ட் பியர்.

இவர் 1861-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், வால்டெக் நாட்டு ஹெல்ஸன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வைத்தியக் கல்வி முற்றியபின், கீல் நகரத்துச் சர்வகலாசாலையில் எஸ்மார்க் என்னும் பேராசிரியரிடம் துணைவராய் அமர்ந்தார். இரப்பர்ப் பட்டையால் உறுப்பை இறுகச் சுற்றி, அதிலுள்ள இரத்தத்தை வடித்துவிட்டு அறுவை செய்யும் முறையை வகுத்தவர் அவ்வாசிரியரே.

குளோரோபாரத்தின் மயக்கத்தினின்று மீளாது மாண்டாரும் அக்காலத்தில் உளர். ஆதலின், அறிவு மயங்காமலே உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்தல் கூடுமோ என்று பியர் ஆராய்ந்தார். 1898 ஆகஸ்ட் 16-ஆம் நாள், கணுக்காலிற் காசநோயுற்ற தொழிலாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிற் கோகேயினைச் செலுத்தி, அவர் நோவறியாவண்ணம் அறுவையை முடித்தார். ஆயினும் இம்முறையிற் சிகிச்சை பெற்றோர் சிலர்க்குப் பின்னர்த் தலைநோவும் வாந்தியும் உண்டாயின.

காரணம் அறிய விரும்பிய பியர், அம்மாதம் 24-ஆம் நாள் தம்முடலையே சோதனைக்கு ஈந்தார். பீச்சுகுழல் ஊசியோடு பொருந்தாமையால் தண்டுநீர் மிகுதியாய் ஒழுகிற்று, சோதனை தவறிற்று. உடனே ஹில்டெபிராண்ட் என்னும் துணைவர் தம்மை அளித்தார். காலைச் சுட்டும், முழந்தாளின் கீழ்ச் சுத்தியால் அடித்தும் அவர் நோவறிந்திலர். அன்றிரவு இருவரும் திராட்சரசம் அருந்திச் சுருட்டுப் பிடித்து மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. எழுந்தால் தலைநோவு, படுத்தால் தணிவு என்னும் நிலையிற் பியர் ஒன்பது நாள் படுக்கையிற் கிடந்தார். தண்டுநீர் குறைந்தமையே காரணமெனக் கருதினார். 1899-இல் வெளியிட்ட கட்டுரையில் வெற்றியோடு தம் தவற்றையும் துன்பத்தையும் மறையாது வரைந்தார்.

பின்னர்ப் பெர்லின் பேராசிரியரான அவர், 1908-இல் ஆசிரியர் காட்டிய பட்டைக்குப் புதுப்பயன் கண்டார். இரத்தம் வடித்த உறுப்பை மேலும் கீழும் இறுகக் கட்டி, இடைப்பட்ட சிரையிற் புரோகேயினைச் செலுத்தினார், உறுப்பு மரத்தது. கட்டை அவிழ்க்க உணர்ச்சி மீண்டது. நெடுங்காலம் அருகிக் கிடந்த இம்முறையை, 1963-இல் நியூஸீலாந்து மருத்துவர் ஹோம்ஸ் லிக்னோகேயின் கொண்டு புதுப்பித்தார்.

இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. நேரம் செல்லச் செல்லக் கட்டே நோவு தரும்; அவிழ்த்தபின் அறுவையின் வலியும் விரைவில் திரும்பும். இவற்றைத் தணிக்க, குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் முதலிய அமைதி தரும் மருந்துகளை மரப்பு மருந்தோடு சிறிதளவு கலக்கும் வழக்கம் பின்னாளில் எழுந்தது. கட்டின் நோவு குறைகின்றது; வலியற்ற காலமும் நீள்கின்றது. ஆனால் கட்டை அவிழ்த்தவுடன் அம்மருந்து உடலெங்கும் பரவி, நாடியைத் தளர்த்தவும், இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தவும், உறக்கம் விளைக்கவும் கூடும். ஆதலின் நன்மையை மட்டும் எண்ணிக் கலத்தல் தகாது. நோயாளி அதற்குத் தரும் விலையையும் உடன் நிறுத்தல் வேண்டும்.

இவ்வாறு நிறுக்கும் நெறியைத் தம் வாழ்வாற் காட்டியவர் பியர். முதுமையில் ஸாவென் என்னும் ஊரிற் பலவகை மரங்கள் கலந்த காட்டை வளர்த்து, 1949 மார்ச் 12-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். பிறர் நோவைத் தம் நோவாக எண்ணியதும், தம் பிழையை உலகறிய உரைத்ததும் அவர் நமக்கு வைத்துச் சென்ற செல்வமாகும். கற்கும் நாம் முன்னதை விரும்புவோம். பின்னதற்கே நெஞ்சுரம் மிக வேண்டும்.