அடிகளை வளர்த்த அன்னையர்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்கும் திருமுல்லைவாயிற் பெருமானைப் பாடிப் பரவியவர்களுள் இராமலிங்க அடிகளும் ஒருவர். அப்பெரியார்க்கு வாய்த்த அன்னையர் இருவர் என்பதை நம் சங்கத்துக் குடும்பத்தினர் அறிதல் நன்று.

அடிகள் 1823-ஆம் ஆண்டு மருதூரில் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். அவர் கைக்குழவியாயிருக்கும்போதே தந்தையார் இராமையா பிள்ளை காலஞ்சென்றார். தாயார் சின்னம்மையார் மனந்தளராது, மக்களுடன் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணமென்னும் தம் பிறந்தகஞ் சேர்ந்து, பின்பு சென்னையிற் குடியேறினார். மூத்த மகனார் சபாபதி புராணப் பிரசங்கியாகிக் குடும்பத்தைத் தாங்கினார்.

இளையவரோ பாடத்தில் நாட்டங்கொள்ளாது கோயில்களையே நாடினார். தமையனார் வெகுண்டு, அவருக்கு உணவிடலாகாதெனத் தடுத்தார். அண்ணியார் பாப்பாத்தியம்மையார் மனம் பொறாமல், கணவர் அறியாவண்ணம் கொல்லைப்புறத்தே அழைத்து அன்னமிட்டார் என்பது வழிவழி வரும் வரலாறு. பிள்ளையைத் திருத்த விரும்பிய தமையனாரைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும் பசித்த முகங்கண்டு பொறாதது தாயுள்ளமே.

1854-இல் அடிகள் வெளியிட்ட 'மனுமுறை கண்ட வாசகம்' கன்றிழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழனின் சரிதமாகும். 1867-இல் அவர் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது பசித்தோர்க்கு அன்னமளித்து வருகின்றது. அவ்வருளுக்கு அண்ணியார் இட்ட சோறும் ஒரு வித்தென்று கொள்ளுதல் மிகையாகாது.

ஆதலின், பெரியோர் சரிதம் பயிலும் நம் பிள்ளைகள் அவர்தம் தாயர் பெயரையும் உடன் பயில்வார்களாக.