கடற்றளபதி செங் ஹோ (கி.பி. 1371 – 1433)

கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு, இலங்கை வரலாற்றின் முக்கியமான தொல்பொருட் சான்றாகும். இதனை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் சீனக் கடற்றளபதி செங் ஹோ ஆவார்.

இளமைக் காலம்

செங் ஹோ 1371இல் தென்சீனாவின் யூனான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தார். இவரது குடும்பப் பெயர் மா என்பதாகும். தந்தையும் பாட்டனாரும் மக்காவுக்கு யாத்திரை சென்றவர்கள். எனவே தூர தேசங்களைப் பற்றி இவர் சிறுவயதிலேயே அறிந்திருப்பார் எனக் கருதப்படுகின்றது. ஏறத்தாழப் பத்து வயதில், யூனானைக் கைப்பற்றிய மிங் படையினரால் சிறைப்பிடிக்கப்பட்டார். பின்னர் இளவரசர் சூ டியின் பணியாளரானார். 1402இல் சூ டி, யொங்லே என்னும் பெயருடன் பேரரசரானார். 1404இல் அவர் இவருக்குச் செங் என்னும் பெயரை வழங்கினார்.

ஏழு கடற்பயணங்கள்

1405 முதல் 1433 வரை செங் ஹோ ஏழு கடற்பயணங்களை மேற்கொண்டார். தென்கிழக்காசியா, இலங்கை, இந்தியா, பாரசீக வளைகுடா, கிழக்காபிரிக்கா ஆகிய இடங்களுக்கு இவரது கப்பல்கள் சென்றன. முதற் பயணத்தில் 27,000க்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோட காமா, ஏறத்தாழ 170 பேருடனேயே போர்த்துக்கலிலிருந்து புறப்பட்டார் என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்குக.

சீனரின் கண்டுபிடிப்பான காந்தத் திசைகாட்டி இப்பயணங்களுக்கு உதவியது. 17ஆம் நூற்றாண்டில் வெளியான 'வூபெய் ஜி' என்னும் போர்க்கலை நூலில் இப்பயணப் பாதைகளைக் காட்டும் வரைபடம் உள்ளது. திசைகாட்டி காட்டும் திசைகளும் நட்சத்திரங்களின் உயரங்களும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன.

மும்மொழிக் கல்வெட்டு

இக்கல்வெட்டு 1409 பெப்ரவரி 15ஆந் திகதியிடப்பட்டு, சீனாவிலேயே பொறிக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தபெருமானையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரவிற் கோயில் கொண்ட தேனவரை நாயனாராகிய விஷ்ணுவையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் முதலிய காணிக்கைகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. அக்காலத்தில் இந்துசமுத்திர வணிகத்தில் தமிழும் பாரசீகமும் பெற்றிருந்த செல்வாக்கை இது காட்டுகின்றது.

எனினும் உறவு சுமுகமாக நீடிக்கவில்லை. அழகேஸ்வரனுடன் ஏற்பட்ட பகைமை போராக மூண்டது. 1411இல் செங் ஹோ அவனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார். கல்வெட்டு காணிக்கையைக் கூறுகின்றது; போரைக் கூறவில்லை. போரைப் பற்றி அறியச் சீன வரலாற்றுக் குறிப்புகளை நோக்க வேண்டும். ஒரு தொல்பொருளை மட்டும் கொண்டு வரலாற்றை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது சிறந்த உதாரணமாகும்.

இறுதிக் காலம்

1424இல் யொங்லே காலமானார். செங் ஹோவின் ஏழாவது பயணம் 1431 – 1433 காலப்பகுதியில் நடைபெற்றது. அப்பயணத்தின் முடிவில் இவர் இறந்தார் என்பது பொதுவான கருத்தாகும். அதன்பின் சீனா இத்தகைய பெரும் பயணங்களைக் கைவிட்டது.

இக்கல்வெட்டு 1911இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தபோது, பொறியியலாளர் தொமலின் என்பவரால் கண்டெடுக்கப்பட்டது. பேலியகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதி மாணவர்கள் இதனை நேரிற் சென்று பார்ப்பது பயன் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. மும்மொழிக் கல்வெட்டிலுள்ள மொழிகள் யாவை?
2. செங் ஹோவின் பயணங்களுக்கு உதவிய கண்டுபிடிப்பு ஒன்றைக் குறிப்பிடுக.
3. கல்வெட்டை மட்டும் கொண்டு சீன – இலங்கை உறவை முழுமையாக அறிய முடியாது என்பதை விளக்குக.